உடைந்தால் என்ன ஆகும் என்று வாசலிலேயே சொல்லுங்கள்: பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பாரிசில் இயங்கும் பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் (ஐகாம்) நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுற்றுலாக் குழுக்களைக் கூட்டி வருவது என் தொழில். டூர் மேனேஜர் என்பார்கள். கோடை விடுமுறை விட்டதும் திருச்சி, மதுரை, கோவைப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். பெரும்பாலானோருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். மகனோ மகளோ பணம் கட்டி அனுப்பிவைத்த பெற்றோர் இருப்பார்கள். பணி ஓய்வில் வந்த தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துக் கிளம்பிய தம்பதிகள் இருப்பார்கள். பொதுத் தேர்வு எழுதி முடித்த பிள்ளைகளும் இருப்பார்கள். இவர்களைத்தான் உங்கள் மன்றத்தோடு சேர்ந்த அருங்காட்சியகங்களின் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன். அவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். பார்வையாளர் ஒருவர் கைதவறியோ கால் இடறியோ காட்சிப் பொருளைச் சேதப்படுத்திவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு அருங்காட்சியகமும் முன்கூட்டியே முடிவு செய்து, வாசலிலேயே எழுதிப் போட வேண்டும். அதற்கான பொது நெறி ஒன்றை நீங்கள் வகுத்துத் தர வேண்டும். "தொடாதீர்கள்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. தொட்டு, அது உடைந்தும் போய்விட்டால் அந்த மனிதர் என்ன செய்ய வேண்டும் என்று நான் போன எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

2025 ஜூனில் இத்தாலியின் வெரோனா நகரில் உள்ள பலாஸ்ஸோ மாஃபெய் அருங்காட்சியகம் ஒரு கண்காணிப்பு கேமராக் காட்சியை வெளியிட்டது. நிக்கோலா போல்லா என்ற கலைஞர், ஓவியர் வான்கோவின் பெயரில் செய்த 'வான்கோ' நாற்காலி அதில் தெரிகிறது. மேலெல்லாம் நூற்றுக்கணக்கான ஸ்வரோவ்ஸ்கி படிகங்கள் ஒட்டியது, ஆள் உட்காரச் செய்ததல்ல. ஒரு ஆணும் பெண்ணும் அதில் உட்காருவதுபோல் மாறி மாறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆணின் எடை அதன்மேல் விழுந்ததும் கால்கள் மடங்கி நாற்காலி நொறுங்குகிறது. இருவரும் விறுவிறுவென்று அறையைவிட்டு வெளியேறுகிறார்கள். எங்கள் ஊர் வாட்ஸப் குழுக்கள் வரைக்கும் அந்தக் காட்சி வந்து சேர்ந்தது.

அவர்கள் செய்தது தப்பு. நாற்காலி ஒரு மேடைமேல் இருந்தது, தொட வேண்டாம் என்ற அறிவிப்பும் இருந்தது. அருங்காட்சியகம் போலீசில் புகார் கொடுத்ததிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த எல்லோரும் "எப்படி உட்கார மனசு வந்தது?" என்று கேட்டபோது எனக்கு வேறு கேள்விதான் வந்தது. உடைந்த பிறகு ஏன் ஓடினார்கள்?

2020 ஜூலைக் கடைசியில் அதே இத்தாலியில், பொஸ்ஸாஞ்ஞோ என்ற ஊரில் இன்னொன்று நடந்தது. சிற்பி அந்தோனியோ கனோவாவின் பிளாஸ்டர் மூலங்களை வைத்திருக்கும் அருங்காட்சியகம் அது. நெப்போலியனின் தங்கை பவுலினா போர்கேசே சாய்ந்து படுத்திருக்கும் புகழ்பெற்ற பளிங்குச் சிலை ரோமில் இருக்கிறதல்லவா, அதற்கான பிளாஸ்டர் மூலம் இங்கே இருக்கிறது. ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒருவர் படம் எடுத்துக்கொள்ள அந்தச் சிலைமேல் உட்கார்ந்தார். பவுலினாவின் கால் விரல்கள் உடைந்தன. எழுந்து போய்விட்டார். கொரோனா காலம் என்பதால் வருகிறவர்களின் விவரத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள், அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் அவர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அந்த மன்னிப்பை அந்த அறையிலேயே, உடைந்த துண்டுகள் தரையில் கிடந்தபோதே கேட்டிருக்க முடியும். தப்பு செய்தவன் அந்த நொடியில் எதற்குப் பயப்படுகிறான் என்று உங்களில் யாராவது யோசித்ததுண்டா?

2024 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் உள்ள ஹெக்ட் அருங்காட்சியகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 3,500 ஆண்டு பழமையான, வெண்கலக் காலத்துப் பெரிய ஜாடி ஒன்று நுழைவாயில் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் இருந்தது. முடிந்த இடத்தில் பொருளை மறைப்பின்றிக் காட்ட வேண்டும் என்பது அந்த அருங்காட்சியகத்தின் கொள்கை. நான்கு வயதுப் பையன் ஒருவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதை லேசாக இழுத்தான். ஜாடி விழுந்து துண்டுதுண்டானது. அவன் அப்பா முதலில் அதிர்ந்து போனாலும், பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு நேரே காவலரிடம் போய்ச் சொன்னார். அருங்காட்சியகம் என்ன செய்தது தெரியுமா? வேண்டுமென்றே உடைப்பதும் தெரியாமல் உடைப்பதும் ஒன்றல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்தக் குடும்பத்தைத் திரும்ப அழைத்துச் சுற்றிக் காட்டியது. சில வாரங்களில் ஜாடியை ஒட்டி மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகும் கண்ணாடி போடவில்லை.

அங்கே குடும்பம் ஓடவில்லை, அருங்காட்சியகம் மிரட்டவில்லை. ஆனால் இது அந்த அப்பாவின் குணத்தாலும் அந்த இயக்குநரின் பெருந்தன்மையாலும் நடந்தது. குணத்தையும் பெருந்தன்மையையும் நம்பி ஒரு குழுவை உள்ளே அனுப்ப என்னால் முடியாது. எனக்கு விதி வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதற்கு என் குழுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எந்த நாடு, எந்த அருங்காட்சியகம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு இடத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பழைய அரண்மனை ஒன்றை அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார்கள். அறைக்கு அறை கட்டில், மேசை, நாற்காலி, திரைச்சீலை என்று அந்தக் காலத்தில் இருந்தபடியே வைத்திருந்தார்கள். என் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். காலையிலிருந்து கற்பாவிய தெருவில் நடந்திருந்தார். அந்த மாடியில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. நாலைந்து அறை தாண்டியதும் கணப்படுப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலி தெரிந்தது. அதன் இரண்டு கைப்பிடிக்கும் நடுவே மெல்லிய பட்டுக் கயிறு கட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு அது ஒரு பக்கம் அவிழ்ந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது அறையில் காவலர் உட்காரும் நாற்காலியும் கிட்டத்தட்ட அதே நிறத்தில்தான் இருந்தது. டீச்சர் போய் உட்கார்ந்துவிட்டார்.

அலாரம் அடித்தது. காவலர் ஓடிவந்து அவர் மொழியில் கத்தினார். டீச்சர் பதறி எழுந்தபோது புடவைத் தலைப்பு நாற்காலியின் குஞ்சத்தில் மாட்டி, குஞ்சம் கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்து மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கச் சொல்லிக்கொடுத்த அம்மா அவர். அறையில் இருந்த வேற்று நாட்டுப் பயணிகளில் ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் குறுக்கே போய் நின்று மறைத்தேன்.

எங்கள் இருவரையும் கீழே ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்தார்கள். படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "உள் விவரம்" என்று மட்டும் பதில் வந்தது. டீச்சர் என் காதோடு கேட்டார்: "தம்பி, எவ்வளவு கேப்பாங்க? பென்ஷன்ல மாசாமாசம் கட்டிடலாமா? வீட்டுல பையனுக்குத் தெரிய வேணாம்பா." பிறகு ஒரு அதிகாரி வந்து, போகலாம் என்றார். கேஸ் உண்டா, பணம் கட்ட வேண்டுமா, அடுத்த முறை விசா மறுப்பார்களா என்று நான் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குஞ்சம் தைத்துச் சேர்க்கக்கூடியதுதான். ஆனால் டீச்சர் அடுத்த ஊரில் அருங்காட்சியகத்துக்குள் வரவில்லை, கோச்சிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிப் பல மாதம் கழித்தும் எனக்குப் போன் செய்து, "லெட்டர் ஏதும் வந்துதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கடிதமும் வரவில்லை. வராது என்று அன்றைக்கே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அம்மா அத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்க வேண்டியதில்லை.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. அந்தக் குழுவில் இருந்த அத்தனை பேரும் இதைப் பார்த்தார்கள். அவர்களில் யாராவது நாளைக்கு ஒரு ஜாடியைத் தட்டிவிட்டால் காவலரிடம் போய்ச் சொல்வார்களா? சத்தம் இல்லாமல் நகர்ந்துவிடத்தான் பார்ப்பார்கள். நஷ்டம் அந்த ஜாடிக்கும்தான். உடைந்ததை ஒட்டுகிற நிபுணர்களுக்கு ஒவ்வொரு சில்லும் வேண்டும். ஒருவர் அதே இடத்தில் நின்று, "இங்கே விழுந்தது, யாரும் மிதிக்காதீர்கள்" என்று சொன்னால் சில்லுகள் மிஞ்சும். அவர் ஓடிவிட்டால் அடுத்து வருகிற கூட்டத்தின் செருப்புக்கடியில் அவை பொடியாகிவிடும்.

எங்கள் பயணிகளின் பயத்துக்குப் பெரிய பங்கு பணம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது ஆஸ்பத்திரிச் செலவுக்கும், நேரக் கூடாதது நேர்ந்தால் ஊருக்குக் கொண்டுவரும் செலவுக்கும்தான். இந்தியாவில் விற்கும் பல பயணக் காப்பீடுகளில் பிறர் பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அதை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஓவியம் என்றாலே கோடிக்கணக்கில் விலை போகும் என்று செய்தியில் படித்தவர்கள், தங்கள் வீட்டை விற்றாலும் கட்ட முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பு முழுக்க ஆதாரமற்றதும் இல்லை. 2018இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், நகராட்சியின் சமூகக் கூடம் ஒன்றில் வைத்திருந்த சிலையை ஐந்து வயதுப் பையன் கட்டிப்பிடிக்கப் போய்க் கீழே தள்ளிவிட்டான். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து அந்தக் குடும்பத்துக்கு 1,32,000 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. அது அருங்காட்சியகம் அல்ல, வந்து போகிற கூடம்தான். ஆனால் செய்தியைப் படிக்கிறவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் மனசில் தங்காது, தொகைதான் தங்கும்.

அதற்கு நேர்மாறாக, 2015இல் தைபேயில் ஒரு கண்காட்சி. பன்னிரண்டு வயதுப் பையன் கையில் குளிர்பானத்தோடு நடந்து போகும்போது இடறி, விழாமல் இருக்கக் கையை ஊன்றினான். ஊன்றியது 17ஆம் நூற்றாண்டின் பாவ்லோ போர்போரா வரைந்தது என்று காட்டப்பட்ட பூ ஓவியத்தின்மேல். துணியில் ஓட்டை விழுந்தது. ஏற்பாட்டாளர்கள் பையனின் குடும்பத்திடம் பணம் கேட்கவில்லை, சீரமைக்கும் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நல்ல முடிவு, மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவன் இடறி விழும் கேமராக் காட்சி உலகம் முழுக்க ஓடியது. விழுந்துவிட்டுத் திகைத்துப் போய் நிற்கும் ஒரு குழந்தையை உலகமே பார்க்க வேண்டிய தேவை என்ன? அந்தப் பையனுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். பணத்தை விட்டுக்கொடுத்தவர்கள் அந்தக் காட்சியையும் பூட்டி வைத்திருக்கலாம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அப்படிச் செய்தது. 2010 ஜனவரியில், அங்கே கலை வகுப்புக்கு வந்திருந்த ஒரு பெண் நிலைதடுமாறிப் பிக்காசோவின் 'நடிகன்' ஓவியத்தின்மேல் விழுந்தார். ஓவியத்தின் கீழ் வலது மூலையில் சுமார் ஆறு அங்குலத்துக்குக் கிழிசல். என்ன நடந்தது, சேதம் எவ்வளவு, எப்படிச் சீர் செய்யப்போகிறோம் என்றெல்லாம் அருங்காட்சியகம் சொன்னது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. சில மாதங்களில் ஓவியம் திரும்பச் சுவருக்கு வந்தது. மக்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்தது, ஒரு மனுஷியின் மானமும் காப்பாற்றப்பட்டது. இரண்டும் சேர்ந்து முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் 2006 ஜனவரியில் நடந்தது வேறு மாதிரி முடிந்தது. ஒரு பார்வையாளர் அவிழ்ந்த ஷூ நாடாவை மிதித்து மாடிப்படியில் உருண்டு விழுந்து, ஜன்னல் திட்டில் இருந்த மூன்று சீனப் பூச்சாடிகள்மேல் மோதினார். சிங் அரச மரபு காலத்தவை, 300 ஆண்டுக்கு மேல் பழமை. அவர் பெயரும் படமும் பத்திரிகைகளில் வந்தன. இனி கொஞ்ச காலத்துக்கு வர வேண்டாம் என்று அருங்காட்சியகத்திடமிருந்து அவருக்குக் கடிதம் போனது. பென்னி பெண்டால் என்ற பீங்கான் சீரமைப்பு நிபுணர் சில்லுகளைச் சேர்த்து ஒட்டிய ஜாடி அந்த ஆண்டே மறுபடி காட்சிக்கு வந்தது, இந்த முறை கண்ணாடிப் பெட்டிக்குள். படிக்கட்டின் ஓரம், திறந்த ஜன்னல் திட்டு, பெரிய ஜாடிகள். விழுந்தவர்மேல் எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு அங்கே வைத்தவர்கள்மேலும் உண்டு என்பது என் எண்ணம். ஜாடிக்கு இடம் மாறியது. அவருடைய பெயர் மட்டும் அந்தச் சம்பவத்தோடு ஒட்டிக்கொண்டது.

வைக்கிற விதத்தைப் பற்றியும் கேட்கத்தான் வேண்டும். 2025 ஜூனில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் உள்ள உஃபிசி அருங்காட்சியகத்தில், ஒருவர் ஃபெர்டினாண்டோ தே மெதிச்சி ஓவியத்தின் முன்னால் அந்த இளவரசரைப் போலவே நின்று படம் எடுத்துக்கொள்ளப் போய், பின்னால் தடுமாறி ஓவியத்தில் இடித்துவிட்டார். அந்தோன் தோமெனிகோ கப்பியானி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது அது. 2016 நவம்பரில் லிஸ்பனின் தேசியப் பழங்கலை அருங்காட்சியகத்தில் ஒரு பயணி படம் எடுக்கப் பின்னாலேயே நடந்து போய், தேவதூதர் மிக்கேலின் 18ஆம் நூற்றாண்டு மரச் சிலையைச் சாய்த்துவிட்டார். இரண்டு பேரும் பின்பக்கம் பார்க்கவில்லை என்பது உண்மை. அதே சமயம், எல்லோர் கையிலும் கேமரா இருக்கிற காலத்தில் ஆட்கள் பின்னால் அடியெடுத்து வைப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாத செய்தியா? 2024இல் பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு மட்டும் சுமார் 87 லட்சம் பேர் வந்தார்கள். கூட்டம் தாங்கவில்லை, ஆள் போதவில்லை என்று 2025 ஜூனில் அங்குள்ள ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள், கண்ணாடிப் பிரமிடுக்கு வெளியே பயணிகள் வரிசையில் காத்து நின்றார்கள். டீச்சரைப் பார்த்துக் கத்திய காவலர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒருவராக மூன்று அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் மக்களுக்குக் கல்லைத் தொடும் பழக்கம் உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் இசைத் தூணைத் தட்டிப் பார்க்காத பிள்ளை இருக்காது. மாமல்லபுரத்து யானையின் துதிக்கையைத் தடவாமல் யாரும் திரும்புவதில்லை. கோயில் சிற்பத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மரியாதை. தொட்டால் பொருள் தேயும் என்பதை நாங்களும் தாமதமாகத்தான் கற்றுக்கொள்கிறோம். தாராசுரத்தில் தட்டினால் ஸ்வரம் எழும்பும் கல் படிகளுக்குக் கம்பி வேலி போட வேண்டியதாகிவிட்டது. ஆகவே கோச்சில் நான் ஒவ்வொரு முறையும் மைக் பிடித்துச் சொல்கிறேன்: பையை முன்பக்கம் மாட்டுங்கள், ஓவியத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நில்லுங்கள், பின்னால் நடந்துகொண்டே படம் எடுக்காதீர்கள், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உட்கார வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். இதெல்லாம் உடையாமல் இருக்க. உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற இடம் வரும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது.

நீங்கள் 2022 ஆகஸ்டில் பிராகில் கூடி அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதற்குப் புதிய வரையறையை ஏற்றீர்கள். எல்லோரும் வரக்கூடியதாக, எல்லோரையும் சேர்த்துக்கொள்வதாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 1986இல் ஏற்று, 2004இல் திருத்திய நெறிமுறையும் உங்களிடம் இருக்கிறது. பொருளை எப்படிப் பெற வேண்டும், எப்படிக் காக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லும் அந்த நெறிமுறையோடு, பொருளை உடைத்துவிட்ட பார்வையாளரை எப்படி நடத்த வேண்டும் என்பதையும் சேருங்கள்.

நான் கேட்பது நீளமான சட்டம் அல்ல. டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடிக்கிற அளவுக்கு இருந்தால் போதும். இப்படி இருக்கலாம்: "உங்களால் ஏதாவது சேதமானால் அதே இடத்தில் நில்லுங்கள். துண்டுகளை எடுக்காதீர்கள், திரும்பப் பொருத்திப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் காவலரிடம் சொல்லுங்கள். தெரியாமல் நடந்ததற்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டோம். உங்கள் பெயரையும் படத்தையும் வெளியிட மாட்டோம்." சுவரில் போடுவதற்குப் படமாக வரைந்தால் இன்னும் நல்லது. உலகத்தில் இருக்கிற மொழியெல்லாம் எழுத முடியாது, தமிழில் எழுதச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அப்புறம், கையெழுத்து வாங்குகிற படிவத்தில் என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். விஷயம் முடிந்ததும் முடிந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படி வாக்குக் கொடுத்தால் ஆட்களுக்கு அலட்சியம் வந்துவிடும் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. என் குழுவில் வருகிறவர்கள் பணத்துக்குப் பயந்து மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நடப்பதில்லை. பல நூறு வருஷம் பிழைத்து வந்த பொருள் தங்கள் கையால் கெட்டுவிடக் கூடாது என்ற பதைப்பு அவர்களுக்கு உண்டு. வேண்டுமென்றே கீறுகிறவர்கள், ரோமின் கொலோசியச் சுவரில் பெயர் செதுக்குகிறவர்கள் விஷயம் தனி, அவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். அறிவிப்பை மீறி ஏறி உட்கார்ந்து உடைக்கிறவர்களிடம் செலவை வாங்குவீர்கள் என்றால் அதையும் அந்த வாசலிலேயே எழுதுங்கள். காப்பீடு இல்லாத சின்ன அருங்காட்சியகங்களால் பணமே கேட்க மாட்டோம் என்று சொல்ல முடியாது என்பதும் புரிகிறது. அவர்கள் எவ்வளவு வரை கேட்பார்கள் என்று சொல்லட்டும். எதுவாக இருந்தாலும் முன்னாலேயே தெரிந்தால் மனிதர்கள் அதற்குத் தக்கபடி நடந்துகொள்வார்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு மாடியிலும் உட்கார நாலு பெஞ்சு போடச் சொல்லுங்கள். உட்காரக்கூடிய நாற்காலி பார்த்த மாத்திரத்தில் உட்காரக்கூடியது என்று தெரிய வேண்டும். எழுபது வயதில் உங்கள் ஊர் வரைக்கும் வந்து உங்கள் முன்னோர்களின் கைவேலையைப் பார்த்து வியக்கிறவர்களின் முழங்காலுக்கு அதுவே பெரிய உபகாரம்.

அடுத்த கோடை விடுமுறைக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். மே மாதம் ஒரு குழுவோடு வருகிறேன். நான் மைக்கைப் பிடிக்கும்போது கடைசியில் என்ன சொல்ல வேண்டும் என்று அதற்குள் எனக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு சுற்றுலா வழிநடத்துநர்